சிக்பஸ் வந்தது நல்லதற்கே

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு அவள் கேட்ட கல்லூரியிலேயே இடம் கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம்.

டேட்டாபேஸ் ப்ராசஸ் மட்டும் சிக்பஸ் (மெமரி அணுகலில் கோளாறு என்று கர்னல் அனுப்பும் சிக்னல்) வாங்கிச் செத்தது, சர்வர் ஓடிக்கொண்டே இருந்தது, இது லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் பக் தானே என்று கேட்டிருந்தாய். பக் இல்லை. ரேமில் கெட்டுப்போன டேட்டா உன் டேபிளுக்குள் போகாமல் கர்னல் தடுத்திருக்கிறது.

சாதாரண ஈசிசி மெமரியில், அதாவது பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும் ரேமில், 64 பிட் டேட்டாவுக்கு 8 பிட் சோதனை பிட்கள். ஒரு பிட் புரண்டால் மெமரி கன்ட்ரோலரே திருத்திவிடும், கர்னலுக்குத் தகவல் மட்டும் வரும். இரண்டு பிட் புரண்டால் கண்டுபிடிக்கலாம், திருத்த முடியாது. அந்த இடத்தை சிபியு படிக்கும்போது 18ஆம் எண் எக்செப்ஷன், அதாவது மெஷின் செக், கிளம்பும். சிபியுவில் பிழைகளைப் பதியும் ஒவ்வொரு பேங்கின் ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டரையும் கர்னல் வாசிக்கும். அதில் 57ஆம் பிட் 1 என்றால் சிபியுவின் நிலையையே நம்ப முடியாது, உடனே பேனிக், அதாவது சர்வரே மொத்தமாக நின்றுவிடும். இல்லையென்றால் அட்ரஸை எடுத்து, அந்தப் பேஜ் (மெமரியைப் பிரித்து வைத்திருக்கும் துண்டு, வழக்கமாக 4 கேபி) யாருடையது என்று தேடும்.

எல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்தது. மாற்றப்படாத ஃபைல் பேஜ் என்றால் தூக்கிப் போட்டுவிட்டு டிஸ்க்கிலிருந்து மறுபடி படித்துக்கொள்ளும், யாருக்கும் தெரியாது. உன்னுடையதுபோல ப்ராசஸின் சொந்த மெமரி என்றால் வேறு பிரதி கிடையாது, அதனால் சிக்பஸ். கர்னலே தன் சொந்த டேட்டாவை வைக்கும் ஸ்லாப் பேஜைப் படிக்கும்போது மாட்டினால் பேனிக்தான்.

நீ 2 எம்பி ஹியூஜ் பேஜ் வைத்திருப்பதால் இழப்பு பெரிது. கெட்டது 64 பைட் கேஷ் லைன், போனது 2 எம்பி முழுவதும். சிக்னலோடு வரும் அட்ரஸ் எல்எஸ்பி மதிப்பைப் பார் (போன பகுதி 2-இன் எத்தனையாவது அடுக்கு பைட் என்று சொல்லும்): 4 கேபி பேஜுக்கு 12, உனக்கு 21 இருக்கும். 1 ஜிபி பேஜ் போடலாமா என்று யோசித்தாயே, அதற்கு முன் இதைக் கணக்கில் எடு.

கர்னலின் மெமரிக் கணக்கைக் காட்டும் மெம்இன்ஃபோவில் ஹார்ட்வேர்கரப்டட் வரியில் 0 தவிர வேறு எண் இருக்கும். ரீபூட் செய்தால் அது 0 ஆகிவிடும், ஆனால் ரேம் சரியாகிவிடவில்லை. ஒதுக்கி வைத்த பேஜ்களின் குறிப்பு மெமரியில் மட்டுமே இருப்பதால், ரீபூட்டுக்குப் பிறகு அதே கெட்ட இடத்தை மறுபடி யாருக்காவது கொடுத்துவிடலாம். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ஆகவே ரீபூட்டுக்கு முன்பே டிமெஸ்ஜி லாகை (கர்னல் எழுதிய செய்திகள்) எடுத்து வை. ஹார்ட்வேர் பிழைகளைப் பதிந்து வைக்கும் ராஸ்டீமன் ஓடுகிறதா பார். திருத்தப்பட்ட பிழைகள் எந்த டிம்மில் (ரேம் அட்டையில்) குவிகின்றன என்று அது காட்டும். அது காட்டும் டிம் லேபிளை அப்படியே நம்பாதே, மதர்போர்டு மேனுவலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அந்த டிம்மை மாற்று. மாற்றும்வரை டேட்டாபேஸை வேறு மெஷினுக்கு நகர்த்து.

பேனிக் ஆனால் கடைசி லாக் எஞ்சியிருக்க, அதை ரீபூட்டிலும் அழியாத இடத்தில் சேமிக்கும் பிஸ்டோர் வேலை செய்கிறதா என்றும் பார். புது டிம் போட்டதும், டெஸ்ட் மெஷின் ஒன்றில் ஒரு பேஜ் கெட்டுவிட்டதுபோல கர்னலை நடக்க வைக்கும் எம்அட்வைஸ் ஹெச்டபிள்யூபாய்சன் கொடுத்து, உன் டேட்டாபேஸ் செத்து எழுகிறதா என்று சோதித்துவிடு. எழவில்லை என்றால் லாகோடு எழுது.

அன்புடன்,
ரவி