இத்தாலிய மொழிக்குத் தமிழில் ஒரு புத்தகம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெளிநாட்டுப் படிப்பு என்றால் கட்டணம், விசா, வங்கிக் கடன் என்று உங்கள் நாளிதழில் நிறைய வருகிறது. போய் இறங்கிய பிறகு வாயைத் திறக்க வேண்டுமே, அதைப் பற்றி ஒரு வரி வந்து நான் பார்த்ததில்லை.

நான் களியக்காவிளைக்காரன். நாகர்கோவில் - திருவனந்தபுரம் தடத்தில் 26 வருஷம் நடத்துநராக இருந்தவன். சோதனைச்சாவடி வரை 'சில்லறை குடுங்க', தாண்டியதும் 'சில்லற தரணே'. என் மகள் எம்.எஸ்சி. தாவரவியல் படிக்கிறாள். ஒரு செமஸ்டர் மட்டும் இத்தாலியில், பதுவை பல்கலைக்கழகத்தில் படிக்க இடம் கிடைத்தது. நம் அந்தோணியாரின் அதே பதுவைதான். 1222-இல் தொடங்கிய பல்கலைக்கழகம். வகுப்பில் ஆங்கிலம் போதும். தெருவில் இறங்கினால் இத்தாலியன்தான்.

நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் கடை கடையாய் ஏறி இறங்கினோம். தமிழ் வழியாக இத்தாலியன் சொல்லித்தரும் புத்தகம் எங்கள் கைக்குக் கிட்டவில்லை. கடைசியில் பாறசாலையில் ஒரு சிஸ்டரம்மா கிடைத்தார். ரோமில் 20 வருஷம் ஆஸ்பத்திரி வேலை பார்த்துவிட்டு வந்தவர். மகள் இரண்டு மாதம் பஸ் ஏறிப் போய்ப் படித்தாள். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். வாரம் ஒரு சீப்பு மட்டிப்பழம் கொடுத்தோம்.

அவர் சொல்லிக்கொடுத்தது மலையாளத்தில். சிக்கலே அங்கேதான். இத்தாலியனில் 'பார்லோ, பார்லி, பார்லா' என்று ஆளுக்கு ஆள் வினை மாறும். மலையாளத்தில் ஞானும் 'பறயுன்னு', நீயும் 'பறயுன்னு', அவனும் 'பறயுன்னு'. அதனால் சிஸ்டரம்மா வாய்ப்பாடு மாதிரி உருப்போடச் சொன்னார். ஒரு நாள் ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று, "அப்பா, இது நம்ம பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறான்தானே!" என்றாள். 'நான்' என்று தனியாகச் சொல்லக்கூட வேண்டாமாம், விகுதியிலேயே ஆள் இருக்கிறது. ஒற்றும் அப்படித்தான். 'நோனோ' என்றால் ஒன்பதாவது, 'நோன்னோ' என்றால் தாத்தா. கனி, கன்னி சொல்லிப் பழகிய நாக்குக்கு இதெல்லாம் ஒரு பாடமா? அடி விழுந்தது பாலில்தான். நாற்காலி பெண்ணாம், மேசை ஆணாம். "அஃறிணைக்கு ஏது ஆணும் பெண்ணும்?" என்று என் மனைவிக்குக் கோபமே வந்துவிட்டது.

அங்கே போய்ச் சேர்ந்த 8 வேலை நாளுக்குள், தங்குவதற்கான அனுமதிக்குத் தபால் ஆபீசில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். 16 யூரோ ஸ்டாம்ப் இல்லை என்று கவுண்டரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அது விற்பது பீடி, சிகரெட் கடையில்! 'வோர்ரெய் உனா மார்க்கா தா போல்லோ' என்று மனசுக்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனாளாம். கடைக்காரர் ஸ்டாம்பைக் கொடுத்து 'ச்சாவ்' என்றார் என்று போனில் சொன்னாள். என் காதில் 'சாவு' என்று விழுந்து பதறிப்போனேன். அந்த வெனிஸ் பக்கத்துப் பழைய வணக்கம் அது. 'உங்கள் அடிமை' என்று அர்த்தமாம். நம் 'அடியேன்'!

1545-இல் போட்ட தாவரவியல் தோட்டம் அந்த ஊரில் இருக்கிறது. அதில் 1585-இல் நட்ட பனைவகை மரம் ஒன்றைக் கண்ணாடிக் கூடத்துக்குள் பொத்திப் பொத்தி வைத்திருக்கிற படம் அனுப்பினாள். இங்கே பனையை வெட்டிச் செங்கல் சூளைக்கு ஏற்றுகிறோம். அதற்குத் தனிக் கடிதம் எழுத வேண்டும்.

இத்தாலியில் 1680-இல் பிறந்த வீரமாமுனிவர், இங்கே வரும் ஐரோப்பியப் பாதிரிமார்களுக்காக நம் பேச்சுத் தமிழுக்கு லத்தீனில் இலக்கணம் எழுதி வைத்தார். அதற்கு 300 வருஷம் ஆகப்போகிறது. இங்கிருந்து போகிற பிள்ளைகளுக்குத் தமிழில் ஒரு சின்னப் புத்தகம் போட, பாடநூல் கழகத்துக்கு என்ன தடை? அதுவரை உங்கள் மாணவர் பக்கத்தில் வாரம் அரைப் பத்தி ஒதுக்கலாம்.

மகள் தமிழில் எழுதிவைத்த 80 பக்க நோட்டு என் அலமாரியில் இருக்கிறது. கேட்கிறவர்களுக்கு ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறேன். 37-ஆம் பக்கம் மட்டும் பஸ் ஸ்டாண்டில் மழையில் நனைந்து மை ஊறிவிட்டது. அதை அவளிடம் போனில் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

- ஓய்வுபெற்ற நடத்துநர், களியக்காவிளை