பனியை உடைப்பது எடையே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

துருவக் கடல் பற்றிய தங்கள் ஞாயிறு கட்டுரை, பனியுடைப்புக் கப்பல் கூரிய முனையால் பனியை வெட்டிச் செல்வதாகக் கூறுவது சரியன்று. சரிவாக வளைந்த அதன் முன்பகுதி பனிப்பாளத்தின்மேல் ஏறியமர, கப்பலின் எடையே பாளத்தை அழுத்தி உடைக்கிறது. 1976-இல் பணியில் சேர்ந்த அமெரிக்காவின் ‘போலார் ஸ்டார்’, 1.8 மீட்டர் தடிப்புள்ள பனியில் மணிக்கு 3 கடல்மைல் வேகத்தில் நிற்காமல் செல்லும். அதைவிடத் தடித்ததைப் பின்வாங்கிப் பின்வாங்கி மோதி, 6.4 மீட்டர் வரை உடைக்கும். சோவியத்தின் அணுசக்திக் கப்பல் ‘ஆர்க்டிகா’ 1977 ஆகஸ்டில் வட துருவத்தையே எட்டியது.

பட்டர்வொர்த் ஃபெர்ரியில் உடன் வந்த பேத்தி, தாங்கள் வெளியிட்ட படத்தில் விரலை வைத்து, “தாத்தா, இதன் மூக்கு ஏன் மழுங்கியிருக்கிறது?” என்று கேட்டாள். எவ்வளவு நல்ல கேள்வி! மாணவர் பகுதியில் அதற்கு விளக்கப்படத்துடன் விடையளிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், ஜார்ஜ்டவுன், பினாங்கு