குளத்தை மீட்டுத் தந்த எல்லோருக்கும்

அன்புள்ள உறவுகளுக்கு,

தூர்ந்துபோய், பற்றை மண்டி, குப்பை கொட்டும் இடமாகக் கிடந்த எங்கள் ஊர்க் குளம் இந்த மாரியில் நிறைந்துவிட்டது. அதற்காக உழைத்த எல்லோருக்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டு வலிகாமத்தின் ஒரு சிறிய ஊரிலிருந்து இந்த நன்றி மடல்.

முதல் நன்றி பிரதேச சபைக்கு. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. 2025 மே மாதத் தேர்தல் வரை நாங்கள் தெரிவுசெய்த உறுப்பினர்கள் இல்லை. குளம் யாருக்குரியது என்ற கேள்வியிலேயே எங்கள் கடிதங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. புதிய சபை வந்ததும் தவிசாளரும் உத்தியோகத்தர்களும் வரைபடத்தோடு குளக்கரைக்கே வந்தார்கள். வந்து, "வெள்ளம் எந்தப் பக்கத்தால வரும்?" என்று ஊராரிடம் கேட்டார்கள். அப்படிக் கேட்டதற்கே அவர்களுக்கு ஆயிரம் நன்றி சொல்லலாம்.

பதில் சொன்னவர்கள் கீழ்க்கரைக் குடும்பங்கள். தலைமுறை தலைமுறையாக வெள்ளம் முதலில் ஏறுவது அவர்களின் வளவுக்குள்தான். ஆனாலும் ஊர்க் காரியங்களில் அவர்களை யாரும் யோசனை கேட்டதில்லை. அது பெரிய அநியாயம். வீதி போட்டபோது மண்ணுக்குள் புதைந்த மதகைக் காட்டித் தந்தவர் அங்குள்ள ஓர் அம்மா. பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) ஆழமாக வெட்டத் தொடங்கியபோது குறுக்கே வந்து நின்றவர் ஓர் ஐயா. களிமண் படை தெரிந்ததும் நிறுத்த வேண்டும், அதைக் கிழித்தால் கீழே சுண்ணக்கல், தண்ணீர் ஒரேயடியாக இறங்கிவிடும், குளத்து அழுக்கும் நேரே கிணறுகளுக்குப் போகும் என்றார். தொழில்நுட்ப உத்தியோகத்தர் அதை ஏற்று ஆழத்தைக் குறைத்தார். தம்பி, உங்களை மறக்கமாட்டோம்.

குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கியாறும் மாரியோடு சரி. கல்லுக்குள் இறங்கும் மழைநீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலே ஏறிவிடும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்வதை மறித்து, மெல்ல மெல்லக் கசிய விடக் குளங்கள் வேண்டும்.

நியூசிலாந்தில் வாங்கனுயி ஆற்றுக்காகப் பேச அரசு சார்பில் ஒருவரும் மாவோரி மக்கள் சார்பில் ஒருவரும் இருக்க வேண்டும் என்று 2017இல் சட்டமே செய்தார்கள். எங்கள் குளப் பராமரிப்புக் குழுவில் சபையும் கமக்காரரும் கீழ்க்கரையாரும் சேர்ந்து இருப்பதை அதோடு சேர்த்துத்தான் நினைக்கிறேன்.

அள்ளிய வண்டலைத் தோட்டங்களுக்கு ஏற்றிப்போன உழவு இயந்திரக்காரர்கள், விளையாட்டுக் கழகத் தம்பிமார், சமைத்துப் போட்ட மாதர் சங்கத்தார், வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பிய சொந்தங்கள் எல்லோருக்கும் நன்றி. அப்புறம், வேலியைப் பின்னுக்கு நகர்த்தி வாய்க்காலுக்கு இடம் விட்ட குடும்பங்களுக்குத் தனி நன்றி. யாழ்ப்பாணத்தில் அது எவ்வளவு பெரிய விட்டுக்கொடுப்பு என்று எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த புரட்டாதிக்குள் வாய்க்கால் முழுவதும் துப்புரவாக்க வேண்டும். மண்வெட்டியோடு வந்துவிடுங்கள்.

நன்றியுடன்,
குளத்தடி மக்கள் சார்பில்