சென்னைத் தொழிற்சங்கத் தலைவர்களுக்கு: மே நாள் மேடையில் வாடியா வழக்கையும் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய தோழர்களே,

வணக்கம். ஒவ்வொரு மே நாளிலும் 1918 ஏப்ரல் 27-ஐ நினைவுகூர்கிறீர்கள். பெரம்பூர் மில் ஆட்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த நாள். தலைவர் பி.பி. வாடியா, துணைத் தலைவர் திரு.வி.க. என்று சொன்னதும் கைதட்டல். அப்புறம் நேராக எட்டு மணி நேர வேலைக்குத் தாவிவிடுகிறீர்கள். நடுவில் நடந்த வழக்கை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

1920 கடைசியில் பெரம்பூர் பக்கிங்காம் மில்லில் தகராறு முற்றியது. மில்லை நடத்திய பின்னி கம்பெனி நிர்வாகம் உயர் நீதிமன்றம் போனது. வேலை ஒப்பந்தத்தை மீறத் தொழிலாளரைத் தூண்டினார்கள் என்று வாடியா மீதும் சங்கத்தார் மீதும் வழக்கு; நட்டஈடும் கேட்டது. நீதிமன்றம் தடையாணை போட்டது. 'நாளைக்கு வேலைக்குப் போகாதே' என்று சொன்னவர் வீட்டையே விற்க வேண்டி வரலாம் என்ற நிலை. முடிவில் சமரசம்: வாடியா சங்கத்தை விட்டு விலகினார், நிர்வாகம் வழக்கை விட்டது.

சரி, இதைச் சட்டமன்றத்தில் கேட்க யார் இருந்தார்கள்? சொத்தோ வரியோ இருந்தவருக்குத்தான் அன்று ஓட்டு. மில் ஆளுக்கு எங்கே இருக்கும்? மத்திய சட்டமன்றத்தில் 1921-இல் சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கேட்டுத் தீர்மானம் கொண்டுவந்தவர் பம்பாய்க்காரரான என்.எம். ஜோஷி. அவரும் தொழிலாளர் ஓட்டுப் போட்டு அனுப்பியவர் அல்ல, அரசு நியமித்தவர். தொழிற்சங்கச் சட்டம் வர 1926 ஆனது. அதன் 18-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். தொழில் தகராறில் ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்பதற்காகப் பதிவு பெற்ற சங்கத்தின் மீது சிவில் வழக்குப் போட முடியாது என்றது. பெரம்பூரில் பட்ட அடிக்கு மருந்து அது.

1935-இன் இந்திய அரசுச் சட்டம் சென்னை மாகாண சட்டசபையின் 215 இடங்களில் தொழிலாளருக்கு 6 கொடுத்தது. ஜமீன்தார்களுக்கு 6, வணிகர்களுக்கு 6. முதலாளி பக்கம் பன்னிரண்டு என்று நான் கூட்டிக்கொள்வேன்.

அதே 1926 சட்டத்தின் 16-ஆம் பிரிவு, உறுப்பினர் விரும்பிக் கொடுக்கும் பணத்தில் சங்கம் தனியாக அரசியல் நிதி வைக்கலாம் என்றது. தேர்தலில் நம் ஆளையே நிறுத்தத்தான். உங்கள் சங்கத்தில் அந்த நிதி இருக்கிறதா? கட்சி கொடுக்கும் சீட்டுக்குக் காத்திருப்பதுதான் வழக்கமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

1926 சட்டம் இப்போது 2020-இன் தொழிலுறவுச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு எல்லா நிறுவனங்களுக்கும் என்று அதில் வந்திருக்கிறது. இதை எதிர்த்துப் பேசும்போது வாடியா வழக்கிலிருந்து தொடங்குங்கள், பத்து நிமிடம் போதும். பேச ஆள் கிடைக்காவிட்டால் நானே வருகிறேன். சால்வை வேண்டாம்.

இப்படிக்கு,
கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்காரும் ஒரு பெரம்பூர்க்காரன்