பெட்டியைப் பார்க்காதே, லக்கைப் பார்

அன்புள்ள சுந்தரம்,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியில் இங்கே எல்லோருக்கும் மகிழ்ச்சி. நாங்களும் நலம். நீ கேட்ட மூன்று வாட்சுகளில், வாங்க நினைக்கும் அந்தப் பழைய ரோலெக்ஸ் சப்மரைனரை முதலில் எடுத்துக்கொள்கிறேன், பணம் பெரிதாக மாட்டப்போவது அதில்தான்.

பெட்டியும் உத்தரவாத அட்டையும் இருக்கின்றன, சர்வீஸ் சீட்டு மட்டும் இல்லை என்கிறாய். எனக்கு இது நேர்மாறாக இருந்திருந்தால் பிடித்திருக்கும். பெட்டி, அட்டை எல்லாம் தனியாகவே விலைக்குக் கிடைக்கின்றன. உள்ளே எண்ணெய் காய்ந்துவிட்டதா என்பதை எந்த அட்டையும் சொல்லாது.

நீ பார்த்திருக்கும் சப்மரைனரின் மாடல் எண்ணான 16610 என்பது 1980களின் கடைசியிலிருந்து 2010 வரை வந்த மாடல். இடையிடையே பாகங்கள் மாறியதால், இருக்கும் பாகங்கள் ஒரே காலத்தவையா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. டயலில் 6 மணிக்குக் கீழே உள்ள பொடி எழுத்தை லென்ஸ் வைத்துப் படி. ‘டி’ எழுத்தும் 25 என்ற எண்ணும் இருந்தால் இருட்டில் ஒளிரும் பூச்சு ட்ரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள். 1998 வாக்கில் அது நின்றது. பிறகு கொஞ்ச காலம் ‘ஸ்விஸ்’ மட்டும், அதன் பின் ‘ஸ்விஸ் மேட்’. ட்ரிட்டியத்தின் அரை ஆயுள் சுமார் 12 ஆண்டு. அதனால் அப்படிப்பட்ட டயல் இன்றைக்கு இருட்டில் பளிச்சென்று எரிந்தால் யாரோ பூச்சைத் தொட்டிருக்கிறார்கள். டயல் மங்கி, முள் மட்டும் ஒளிர்ந்தால் முள் மாற்றியது. செயினைக் கழற்றினால் தொடர் எண் 6 மணிப் பக்கத்தில் லக்குகளுக்கு (செயின் மாட்டும் கொம்புகள்) நடுவே தெரியும், மாடல் எண் 12 மணிப் பக்கத்தில். அட்டையில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பார். கழற்ற மாட்டேன் என்று சொல்லும் விற்பனையாளரிடம் வாங்காதே.

அடுத்தது லக். மேல்பக்கம் கோடு கோடாக மங்கல் தேய்ப்பு, பக்கவாட்டில் கண்ணாடிப் பளபளப்பு, இரண்டும் சேரும் இடத்தில் கத்தி வைத்துக் கிழித்தது போன்ற விளிம்பு. தொழிற்சாலையிலிருந்து வந்தது அப்படி. விளிம்பு மழுங்கி வழிந்திருந்தால் பலமுறை பாலிஷ் போடும் பஃப் சக்கரத்தில் பிடித்திருக்கிறார்கள். லக்கில் துளை உள்ள பழைய கேஸ் (வாட்சின் உலோகக் கூடு) என்றால் துளையின் வாயே காட்டிக்கொடுத்துவிடும். கீறல் நிறைந்த, பாலிஷ் படாத கேஸையே நான் எடுப்பேன். கீறலைப் பிறகு நீக்கலாம், போன உலோகம் திரும்பாது.

வாட்சைப் பக்கவாட்டில் பிடித்துச் செயினைக் காற்றில் நீட்டிப் பார். நன்றாகத் தொங்கினால் தேய்மானம். செயின் நீண்டுவிட்டது என்பார்கள், உண்மையில் எதுவும் நீளவில்லை. வியர்வையும் தூசியும் கலந்து அரைச்சாந்து மாதிரி ஆகி, கண்ணிகளை இணைக்கும் ஊசியையும் ஊசித் துளையையும் அரித்திருக்கும்.

உள்ளே இருப்பது 3135 இயந்திரம், மணிக்கு 28,800 துடிப்பு. சாவி கொடுக்கும் திருகான கிரௌனைத் திறந்து 40 சுற்றுச் சாவி கொடுத்து, அரைமணி நேரம் விட்டு டைம்கிராஃபரில் (துடிப்பைக் கேட்டு அளக்கும் கருவி) வைக்கச் சொல். கருவியில் இந்த இயந்திரத்துக்கு உரிய லிஃப்ட் ஆங்கிள் அளவை 52 டிகிரி என்று அமைத்திருக்கிறார்களா என்று நீயே பார்த்துக்கொள், அது தவறினால் ஆம்ப்ளிட்யூட், அதாவது பேலன்ஸ் சக்கரம் எத்தனை டிகிரி ஊசலாடுகிறது என்ற எண்ணும் தவறும். டயல் மேலே பார்த்தபடி, கிரௌன் கீழே, கிரௌன் மேலே என்று மூன்று நிலைகள் போதும். படுக்கையில் 270 முதல் 300 டிகிரி வந்தால் நல்லது. செங்குத்தாக வைத்தால் 20 முதல் 40 வரை குறைவது இயல்பு. முழுச் சாவியிலேயே செங்குத்து நிலையில் 220க்குக் கீழே போனால் சர்வீஸ் செலவை விலையில் கழித்துக் கேள். ஒரு நாளைக்கு எத்தனை விநாடி முந்துகிறது என்பதை மட்டும் காட்டி ‘பாருங்கள், வெறும் 2 விநாடி’ என்பவரிடம் மயங்காதே. எண்ணெய் காய்ந்த இயந்திரத்தையும் திருகி நேரத்துக்குக் கொண்டுவந்துவிட முடியும். ஆம்ப்ளிட்யூடை அப்படி ஏமாற்ற முடியாது. நிலைக்கு நிலை வேகம் 10 விநாடிக்கு மேல் வேறுபட்டாலும் சந்தேகப்படு.

காதருகே வைத்து மெல்ல ஆட்டிப் பார். உரசும் சத்தம் கேட்டால் ரோட்டரின் (கை அசைவில் சுழன்று சாவி ஏற்றும் எடைத்தகடு) அச்சு தேய்ந்திருக்கலாம். இந்த இயந்திரத்தில் அது பழகிய நோய்தான். பின்மூடியைத் திறந்தால் பிரிட்ஜில் (பாகங்களைத் தாங்கும் தகடு) வில் போன்ற கீறலும் பொடித் துகளும் இருக்கும். அச்சைக் குறித்த காலத்தில் மாற்றினால் சின்ன வேலை, விட்டுவிட்டால் துகள் எண்ணெயில் கலந்து மற்ற சக்கரங்களையும் அரிக்கும்.

வாங்கி முடித்ததும் சர்வீஸுக்குக் கொடுப்பாய் அல்லவா, சீட்டில் மூன்று வரி எழுதி வாங்கு: பாலிஷ் வேண்டாம், டயலும் முள்ளும் மாற்றக் கூடாது, மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும். முழு சர்வீஸ் என்றால் எல்லாவற்றையும் பிரித்து, கழுவி, இடத்துக்கு ஏற்ற எண்ணெய் இட்டு, நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையங்களான காஸ்கெட்டுகளைப் புதிதாக்கி, அழுத்தச் சோதனை முடித்துத் தருவது. வேகமாக அசையும் பேலன்ஸ் அச்சுக்கு மெல்லிய எண்ணெய், மெதுவாகச் சுழன்று பாரம் தாங்கும் சக்கரங்களுக்குக் கெட்டியானது, சக்கரத்தைப் பல் பல்லாக விடும் பேலட் கற்களுக்குக் கிரீஸ். திறந்து ஒரு சொட்டு விட்டு மூடித் தருகிறேன் என்பவர் பழைய அழுக்கைப் புது எண்ணெயில் கரைத்துத் தருகிறார், அவ்வளவுதான்.

300 மீட்டர் என்று டயலில் எழுதியிருப்பது காஸ்கெட் புதிதாக இருந்த நாளைய கணக்கு. நீந்தப் போகிறாய் என்றால் வருடம் ஒருமுறை அழுத்தச் சோதனை. வெந்நீர்க் குளியலில் போடாதே, சூடும் சோப்பும் சேர்ந்து ரப்பரைக் கெடுக்கும். உள்ளே நுழைந்த நீராவி, நீ குளித்து வெளியே வந்ததும் கண்ணாடியின் உட்பக்கம் படியும். கிரௌனை மூடும்போது மெல்ல அழுத்தி முதலில் எதிர்ப்பக்கமாகத் திருப்பு, மரை உட்காரும் சின்னச் சொடுக்கு தெரியும், அதன் பிறகு வலமாகச் சுற்று. நேராக முறுக்கினால் மரை குறுக்கே ஏறிவிடும், கிரௌனோடு கேஸ் குழாயும் போகும்.

உன் அப்பாவின் ஒமேகா விஷயம். இத்தனை காலம் அலமாரியில் இருந்ததை ஆசையில் சாவி கொடுத்து ஓடவிடாதே, காய்ந்த எண்ணெயோடு ஓடும் ஒவ்வொரு நாளும் அச்சு தேயும். சர்வீஸ் ஆன பிறகு தினம் ஒரே நேரத்தில், கையிலிருந்து கழற்றிச் சாவி கொடு. மாட்டியபடியே கொடுத்தால் ஸ்டெம் (கிரௌனை இயந்திரத்தோடு இணைக்கும் தண்டு) வளையும். தடுப்பு தெரிந்ததும் நிறுத்து. ‘சாவி அதிகமாகி நின்றுவிட்டது’ என்று எல்லோரும் சொல்வார்கள். ஸ்பிரிங் முழுதாக இறுகியும் ஓடவில்லை என்றால் அழுக்கோ உடைந்த பாகமோதான் காரணம். கண்ணாடி அக்ரிலிக் என்பதால் கீறலைப் பாலிஷ் பசை வைத்து வட்டமாகத் தேய்த்தே எடுத்துவிடலாம். நீர் மட்டும் அண்ட விடாதே. டயலை மறுபடி வர்ணம் அடிக்கச் சொல்லி யாராவது தூண்டினால், தயவுசெய்து மறுத்துவிடு. பழுப்பேறிய அசல் டயலுக்கு உள்ள மதிப்பு புது அச்சுக்கு இல்லை. அறுபதுகளுக்கு முந்தையது என்றால் ஒளிரும் பூச்சு கதிரியக்கம் உள்ள ரேடியமாக இருக்கலாம், அதைச் சுரண்டவோ நீயே திறந்து ஊதவோ கூடாது.

மூன்றாவது, தினம் போடும் வாட்ச் திடீரென்று நாளைக்கு 5 நிமிடம் முந்துகிறது என்றாய். அது காந்தம்தான், பந்தயம் கட்டலாம். பேலன்ஸ் சக்கரத்தை ஆட்டும் மெல்லிய ஹேர்ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டினால் அதன் நீளம் குறைந்தது போல் ஆகும், துடிப்பு வேகமாகும். போன் உறை, டேப்லெட் மூடி, ஸ்பீக்கர், கைப்பையின் கொக்கி எல்லாவற்றிலும் காந்தம் இருக்கிறது. திசைகாட்டி அருகே வாட்சைக் கொண்டுபோ, முள் ஆடினால் முடிந்தது. காந்தம் நீக்கும் கருவியில் பொத்தானை அழுத்தியபடியே வாட்சை மெல்ல 30 செ.மீ.க்கு மேல் விலக்கி, அதன் பிறகே பொத்தானை விடு. அருகில் இருக்கும்போதே விட்டால் முன்பைவிட அதிகமாகக் காந்தம் ஏறிவிடும். ஒமேகாவின் மாஸ்டர் குரோனோமீட்டர் வகைகள் 15,000 காஸ் (காந்தப்புல அளவு) வரை தாங்குகின்றன, அவற்றின் ஹேர்ஸ்பிரிங் சிலிக்கான்.

அந்த வாட்சில் தேதி மாற்றும்போது முள்ளை 6 மணிக்குக் கொண்டுபோய்விட்டு மாற்று. பல இயந்திரங்களில் இரவு 9 முதல் 3 வரை தேதிச் சக்கரப் பல் கொளுவியிருக்கும், அப்போது வேகமாகத் திருப்பினால் பல் முறியும். வாட்சைச் சுழற்றிச் சாவி ஏற்றும் பெட்டி வாங்கவா என்ற கேள்விக்கு: வேண்டாம். நிரந்தர நாட்காட்டி உள்ள வாட்ச் வாங்கினால் அப்போது பார்க்கலாம்.

விற்பவரிடம் டயலின் அடிப்பகுதி, லக்கின் பக்கவாட்டு, டைம்கிராஃபர் திரை மூன்றையும் படம் எடுத்து வாங்கி அனுப்பு. அதுவரை முன்பணம் கொடுக்காதே.

அன்புடன்,
ராகவன்