எல்லா இடைவெளியையும் நிரப்பக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலக்கு சுடும் ரைபிள்களைப் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். குழலையும் குறிக்கண்ணாடியையும் மட்டுமே பேசுபவர்களுக்கு நடுவில், தோட்டாவை ஏற்றிப் பூட்டும் இரும்புப் பகுதியான ஆக்‌ஷன் கட்டையில், அதாவது தோளில் ஊன்றிப் பிடிக்கும் மரப் பகுதியில், எப்படி அமர்ந்திருக்கிறது என்பதையும் எழுதியது எனக்கு மகிழ்ச்சி. ஆனால் கட்டைக்கும் இரும்புக்கும் இடையில் உள்ள இடைவெளி முழுவதையும் எபாக்ஸி என்னும் இறுகும் பசையால் நிரப்பிவிட வேண்டும் என்று அதில் வந்த யோசனையை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அதைச் செய்தால் நல்ல ரைபிள் கெட்டுப்போகும்.

நான் தச்சன். கதவு, கட்டில் செய்த கை. கடந்த இருபது ஆண்டுகளாக இலக்கு சுடுபவர்களின் ரைபிள் கட்டைகளைச் சீர் செய்கிறேன். கழுந்து துளைக்குள் எவ்வளவு இறுக்கமாகப் போகிறதோ அவ்வளவு நல்ல இணைப்பு என்பதுதான் தச்சு வேலை எனக்குக் கற்றுத் தந்தது. ரைபிள் கட்டைக்கு வந்தபோது அந்தப் பழக்கத்தை விட வேண்டியிருந்தது. இங்கே இரும்பு சில இடங்களில் முழுமையாகப் படிய வேண்டும். மற்ற இடங்களில் தொடவே கூடாது.

ஆக்‌ஷனின் அடியில் முன்பக்கமாக ஒரு தடித்த பல் இருக்கும். ரீகாயில் லக் என்பார்கள். சுடும்போது பின்னோக்கி வரும் உதை முழுவதையும் கட்டைக்குக் கடத்துவது அந்தப் பல்தான். அதன் பின்முகம் மட்டும் எபாக்ஸியில் அழுத்தமாகப் படிய வேண்டும். முன்முகம், இரு பக்கங்கள், அடி ஆகிய நான்குக்கும் ஒட்டு நாடா சுற்றி, மெல்லிய இடைவெளி விட்டே வார்க்கிறேன். அடிப்பகுதி தட்டினால் ஆக்‌ஷன் அந்தப் பல்லின் மேலேயே நின்று, அதைக் கட்டையோடு இணைக்கும் திருகை முடுக்கும்போது ஆடும். பக்கங்களும் முன்முகமும் ஒட்டியிருந்தால், கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் எபாக்ஸியைச் சுரண்டிக்கொண்டு வரும். சில மாதங்களில் முக்கியமான அந்தப் பின்முகமும் தளர்ந்துவிடும்.

எல்லா ஆக்‌ஷனும் ஒன்றல்ல. மவுசர் 98 தட்டையான அடியோடு, பல்லும் உடம்போடு சேர்ந்தே வந்தது. அது கட்டையில் தானாகவே நிமிர்ந்து உட்காரும். ரெமிங்டன் 700 உருளை வடிவம்; பல் தனி வளையமாகக் குழலுக்கும் ஆக்‌ஷனுக்கும் இடையில் செருகப்பட்டிருக்கும். உருளை எளிதில் முறுக்கிக்கொள்ளும். அதற்கு எபாக்ஸிப் படுக்கை இன்னும் கவனமாக அமைய வேண்டும்.

குழலைப் பொறுத்தவரை, தடித்த குழல் ரைபிளில் கட்டை அதைத் தொடாமல் விடுவதே என் வழக்கம். மரம் ஈரத்தை உறிஞ்சி, நரம்பின் குறுக்கே பருக்கும். காலையில் தொடாத கட்டை மாலையில் குழலை ஒரு பக்கம் தள்ளத் தொடங்கினால், சுடுபவர் பிழை தன் கையில் இருப்பதாக நினைத்து வருந்துவார். லீ என்ஃபீல்டு நம்பர் 4 போன்ற பழைய ராணுவ ரைபிளில் கட்டையின் முனை குழலை மேல்நோக்கித் தாங்கும்படியே அமைத்தார்கள். அந்தத் தாங்கலை எடுத்துவிடுவது தவறு. எந்த ரைபிள் என்று பார்த்த பிறகே உளியை எடுக்க வேண்டும்.

தங்கள் கட்டுரை சொல்லாமல் விட்ட இன்னொன்று, எபாக்ஸி இறுகும்போது திருகுகளை முழு பலத்தில் முடுக்கக் கூடாது என்பது. முடுக்கினால் ஆக்‌ஷன் சற்றே வளையும், அந்த வளைவோடு படுக்கையும் உறைந்துவிடும். பிறகு ஒவ்வொரு முறை திருகை முடுக்கும்போதும் இரும்பு அதே வளைவுக்குத் திரும்பும். குழலில் சில சுற்று நாடா சுற்றி நடுவில் நிற்க வைத்து, ரப்பர்க் குழாயால் இலேசாகக் கட்டி, 24 மணி நேரம் தொடாமல் விடுகிறேன். திருகுகள் மரத்தை நசுக்காதிருக்க அலுமினியக் குழாய்களைத் தூண்களாக நிறுத்துவதும் நல்லது. ஆனால் திருகின் உடம்பு அந்தத் தூணின் சுவரில் உரசக் கூடாது. உரசினால் உதையைத் திருகே தாங்கத் தொடங்கும்.

வேலை சரியா என்று அறிய எளிய சோதனை உண்டு. பின் திருகை முடுக்கி வைத்துவிட்டு, முன் திருகை மெதுவாகத் தளர்த்திக்கொண்டே, கட்டையின் நுனியில் குழலும் மரமும் நெருங்கும் இடத்தில் விரல் வைத்துப் பாருங்கள். அசைவு தெரிந்தால் உள்ளே இறுக்கம் இருக்கிறது. நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்ப்பவர்கள் 0.05 மி.மீ.க்கு மேல் நகர்ந்தால் மீண்டும் வார்ப்பார்கள். இது வீண் நுணுக்கம் என்று எண்ண வேண்டாம். 50 மீட்டர் ரைபிள் போட்டியில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டமே 10.4 மி.மீ.தான்.

இதையெல்லாம் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. தொடக்க காலத்தில் ஒருவருடைய வால்நட் கட்டையை நான் பாழாக்கினேன். ஆக்‌ஷன் முழுவதும் எபாக்ஸி ஒட்டாமலிருக்க மெழுகு தடவியிருந்தேன். ஆனால் பக்கவாட்டில் இருந்த ஒரு சிறு துளையைக் களிமண்ணால் அடைக்கத் தவறினேன். எபாக்ஸி அதற்குள் புகுந்து ஆணியாக இறுகிவிட்டது. மெழுகு எவ்வளவு இருந்தாலும் அப்படிப் பூட்டிக்கொண்ட இரும்பு வெளியே வராது. ஆக்‌ஷனைக் காப்பாற்றக் கட்டையை அறுக்க வேண்டியதாயிற்று. அவர் என்னை ஒரு சொல்லும் திட்டவில்லை; அறுத்த துண்டுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அன்று முதல் எபாக்ஸி கலப்பதற்கு முன், தோட்டா அறை காலியா என்று விரல் விட்டுப் பார்த்து, அந்த அறையை மூடும் போல்ட்டைக் கழற்றி, ஒவ்வொரு துளையையும் எண்ணிப் பார்த்துவிட்டே தொடங்குகிறேன்.

தங்கள் கட்டுரையை நம்பி யாரேனும் இந்த வாரமே எபாக்ஸி கலக்கக்கூடும். அதற்கு முன், எல்லா இடைவெளியையும் நிரப்பச் சொன்ன அந்த வரியைத் திருத்தி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கட்டை வேலை செய்யும் ஒரு வாசகர்