சுற்றுவழி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய போக்குவரத்து ஆய்வுக் கட்டுரையை மூன்று தடவை படித்தேன். முக்கால்வாசி புரியவில்லை. முதல் பக்கத்தில் இருக்கும் உன் பெயரை அம்மாவிடம் காட்டினேன். கூடவே இரண்டு வரி எழுதிப் போட்டிருக்கலாம். சரி, வேலை இருந்திருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு.

1952-இல் வார்ட்ராப் என்கிற ஆய்வாளர் சொன்னது விளங்கியது. இனி யார் தன் வழியை மாற்றினாலும் நேரம் மிச்சமாகாது என்கிற நிலையில் போக்குவரத்து வந்து நிற்குமாம். 30 வருஷம் வாடகைக் கார் ஓட்டியவன் சொல்கிறேன், நாங்கள் அவ்வளவு மாற்றிப் பார்ப்பதில்லை. பழகின வழியில்தான் கை போகும். எதிர்வண்டிகளை வெட்டித் திரும்புகிற சந்திப்பு என்றால், ஒரு கிலோமீட்டர் கூடினாலும் சுற்றித்தான் போவேன். சிக்னலுக்குச் சிக்னல் நிற்பதைவிட ஓடிக்கொண்டே இருப்பது மனசுக்கு லேசு. உன் சூத்திரத்தில் அதற்கு இடம் உண்டா?

நெரிசல் கணக்கு மட்டும் அச்சு அசல். சாலை கொள்ளும் அளவுக்கு வண்டி வந்தால், காலிச் சாலையில் ஆகும் நேரத்தோடு 15 சதவீதம்தான் கூடுகிறது; வண்டிகள் அதைப்போல இரட்டிப்பானால் நேரம் 3.4 மடங்கு. நெரிசல் அப்படித்தான், திடீரென்று கழுத்தைப் பிடிக்கும்.

புது ரோடு போட்டால் எல்லாருக்குமே நேரம் கூடிப்போகலாம் என்று 1968-இல் பிரேஸ் என்கிற கணித அறிஞர் நிரூபித்ததை அம்மாவிடம் சொன்னேன். "வர நினைக்கிறவளுக்கு ரோடு ஒரு பொருட்டா" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

ஓட்டுகிறவர் எல்லாரும் சீக்கிரம் போய்ச் சேரத்தான் பார்ப்பார்கள் என்று ஆரம்பத்திலேயே எழுதியிருக்கிறாய். நான் பார்க்கவில்லை, பாப்பா. நீ பத்தாவது படித்த வருஷம், கடைசிச் சவாரியை இறக்கிவிட்டு, 20 நிமிஷ வழி இருக்க முக்கால் மணி நேர வழியில் வந்தேன். டிராஃபிக் என்று பொய் சொன்னேன். ராத்திரி பதினொரு மணிக்கு என்ன டிராஃபிக்! நீ கணக்கு நோட்டோடு விழித்திருப்பாய். எனக்கு ஒன்றும் தெரியாது என்பது உனக்குத் தெரிந்துவிடுமே என்று, உன் அறை விளக்கு அணைந்த பிறகுதான் தெருவுக்குள் வண்டியைத் திருப்புவேன்.

போன லீவுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்றாய். அதற்கு முந்தின லீவுக்கும். கிடைத்திருக்காதுதான்.

14-ஆம் பக்கத்துப் படத்தில் ஒரு தெருவுக்குப் போகிற அம்பு இருக்கிறது, வருகிற அம்பு இல்லை. ஒருவழிப் பாதையா, வரைய விட்டுப்போனதா? எழுது.

அப்பா